இவர் என்னைத் திட்டுவதில்லை

1988 மார்ச் 14, திங்கள்

காலையில் ஒன்பது இட்லி தின்றேன். எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பிறகு நானே நம்ப மாட்டேன். ஒன்பதாவதை எடுக்கும்போது இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் வேணுமா?" என்றார். வேணும் என்றேன். எழுந்துபோய் மறுபடி இட்லித் தட்டை அடுப்பில் வைத்தார்.

எல்லாம் ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை. பசி, தூக்கமின்மை, காரணமே இல்லாத குஷி. முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டுவிட்டது. கண் இரண்டும் உள்ளே எங்கேயோ போய்விட்டன. கழுத்தைக் காணோம். வேலூரில் டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "முகம் வட்டமாகும், மனசு துள்ளும், ரெண்டுக்கும் பயப்படாதீங்க." குழாயில் தண்ணீர் வருகிற சத்தத்துக்குக்கூட எனக்குச் சிரிப்பு வருகிறது. இது என் சந்தோஷமா, மாத்திரையின் சந்தோஷமா? யாருடையதாக இருந்தால் என்ன, வந்தவரைக்கும் வைத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் இதே சமயம் என் எலும்புக்குள் இருந்த மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்தியிருந்தது. பல் தேய்த்தால் ரத்தம். தொட்ட இடமெல்லாம் நீலம். அக்டோபரில் வேலூரில் என் தம்பி ராமபத்ரனின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து எனக்கு ஏற்றினார்கள். அது பிடித்துக்கொண்டது. ஒரு மாதமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் இருக்கிறேன். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன்: இருக்கிறேன்.

காலையில் இன்னொன்றும் நடந்தது. சாம்பார்க் கிண்ணம் கைதவறி இவருடைய இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கவிழ்ந்தது. பழைய வெங்கிடேஸ்வரனாக இருந்தால் சத்தம் பஜார் ரோடு வரைக்கும் போயிருக்கும்.

"சாரமில்லை," என்றார். வேறு சட்டை மாட்டிக்கொண்டு துறைமுக ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

சாரமில்லையாமே. அப்படியென்றால் மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தை.

மார்ச் 20, ஞாயிறு

தலையில் முடி வந்துவிட்டது. ஆனால் என் முடி இல்லை. எனக்கு இருந்தது எண்ணெய் வழிகிற நேர்முடி. இது சுருட்டை. கறுப்பு ஆட்டுக்குட்டியின் முதுகு மாதிரி இருக்கிறது. தடவத் தடவ ஆசை. காலையிலிருந்து தடவிக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டு வேலைக்கு வருகிற ஆவுடையம்மாள் வாசலிலேயே நின்று பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் எர்ணாகுளத்தில் கொத்தனார்.

"யம்மா, மொகம் பூசணிக்கா, தலை குருவிக்கூடு. யாரோ புது ஆளு வந்திருக்காகன்னு நெனச்சேன்."

இவர் ஓடிவந்து, "ஆவுடையம்மா, மாஸ்க் போட்டுண்டு பேசு," என்றார். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டுச் சட்டங்கள்: பச்சையாக எதுவும் தின்னக் கூடாது. தண்ணீர் கொதித்து ஆறியது. வீட்டுக்குள் பூ கூடாது, செடி கூடாது. கூட்டம் கூடாது. விருந்தாளி வாசலோடு சரி. இதெல்லாம் டாக்டரம்மா சொன்னவை. இவர் தானாகச் சேர்த்தவை: ஆபீசிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்ப்பார். செய்தித்தாளை வெயிலில் காயவைத்துத்தான் தருவார். ஸ்பூனைக் கொதிக்க வைப்பார். நேற்று என் மூக்குக்கண்ணாடியைக் கொதிக்க வைக்கப் பார்த்தார், பிடுங்கிக்கொண்டேன்.

தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம். நான் பாலக்காட்டில் தமிழ் படித்தேன். இவர் கொச்சியிலேயே பிறந்து மலையாளத்தில் படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஒரு பக்கம் முடிப்பதற்குள் நான் காப்பி போட்டுக் குடித்துவிடலாம்.

மார்ச் 27, ஞாயிறு

தம்பி வந்தான். பாலக்காட்டிலிருந்து காலை வண்டியில். இவர் அவனை வராந்தாவில் நிறுத்தி, கை கழுவ வைத்து, மாஸ்க் மாட்டி, என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில் நாற்காலி போட்டார்.

"அத்திம்பேரே, அவ உடம்புல ஓடறதே என் ரத்தம்தானே. எனக்கே மாஸ்க்கா?" என்றான் ராமபத்ரன்.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது. நான் பிறந்தது பி குரூப். அவன் ஓ. போன மாதம் வேலூரில் சோதித்துவிட்டு, "இப்ப நீங்க ஓ" என்றார்கள். அதோடு விட்டார்களா? ரத்த அணுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "உங்க ரத்தம் இப்ப ஆம்பளை ரத்தம்," என்றார். இதைத் தம்பியிடம் சொன்னேன்.

"அப்போ நீ பாதி அக்கா, பாதி அண்ணா."

"இனிமே என் காலைத் தொட்டுக் கும்பிடு."

"அக்கா பாகம் எதுன்னு சொல்லு, அங்கே மட்டும் கும்பிடறேன்."

சிரித்துச் சிரித்து விலா வலித்தது. வாயில் இன்னும் ஆறாத புண் ஒன்று இருக்கிறது, அதுவும் வலித்தது. வலித்தாலும் நிறுத்த முடியவில்லை. இவர் வந்து, "போதும் சுந்தரி. க்ஷீணமாயிடும்," என்று ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தார். குரல் அப்படி ஒரு சாந்தம். ஆஸ்பத்திரி நர்சுகள்கூட இவ்வளவு சாந்தமாகப் பேசியதில்லை.

ஏப்ரல் 6

மழை. பின்பக்கத்து மாமரத்திலிருந்து மாங்காய் விழுந்துகொண்டே இருக்கிறது. தின்னக் கூடாது. சத்தம் கேட்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, வியாழன்

விஷு. விடிவதற்கு முன், விஷுக்கணி காண, இவர் என் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணைத் திறந்தால் விளக்கு, கண்ணாடி, வேகவைத்த வெள்ளரிக்காய். பச்சைக்காய் கூடாதே. கொன்னைப்பூ இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் காகிதம். இவரே கத்தரித்து, நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத மனிதர். ஒவ்வொரு பூவும் கோழிக்கால் மாதிரி இருந்தது.

சிரித்தேன். விக்கல் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. "என்ன, என்ன, எங்கே வலிக்கறது?" என்று பதறினார். எங்கேயும் வலிக்கவில்லை. இவர் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று இருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டு, "இரு, கை அலம்பிண்டு வரேன்," என்றார். அலம்பிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

வேலூரிலிருந்து வந்த நாள் முதல் இவர் படுப்பது கூடத்தில். கதவு திறந்திருக்கும். நான் இருமினால் எழுந்து உட்கார்வது தெரியும். பிள்ளை விஷயம் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். ரெஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருவரும் தலையாட்டினோம். அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. பிள்ளை அப்புறம். பக்கத்தில் படுத்துக்கொண்டு குறட்டை விட்டாலே எனக்குப் போதும்.

ஏப்ரல் 22

நாங்கள் எப்படிச் சண்டை போடுவோம். நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ரேடியோ சத்தத்துக்கு ஒரு சண்டை. குடையை மறந்து வந்ததற்கு ஒரு சண்டை. குடையை எடுத்துப் போகச் சொன்னதற்கு ஒரு சண்டை. எதிர்வீட்டு குஜராத்தி மாமி ஜன்னலைச் சாத்துவாள், பிறகு கேட்கவில்லையென்று திறப்பாள். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் இவர் படகு ஜெட்டிப் பக்கத்துக் கடையில் நேந்திரங்காய் வறுவல் வாங்கிவந்து மேஜையில் வைப்பார், யாருக்கென்று சொல்லாமல்.

இப்போது வீடு கோயில் மாதிரி அமைதி. நான் விக்கிரகம். இவர் பூசாரி.

மே 9

உள்ளங்கை சிவந்திருக்கிறது. அரிக்கிறது. வெயிலாக இருக்கும்.

மே 10

வெயில் இல்லை. முதுகு, மார்பு, கழுத்து, எல்லாம். ஜுரம். ஆபீசிலிருந்து வேலூருக்கு டிரங்க் கால் போட்டார். உடனே வரச் சொன்னார்களாம். பெட்டியை அடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எதுவும் வேண்டியதில்லை, சாவுக்குப் பயமில்லை என்று தம்பியிடம் பெரிசா அளந்தேனே. எல்லாம் பொய். பயமா இருக்கு. ஒன்பது இட்லி தின்னவளுக்கு இன்னும் பசி தீரலை. போதும்னு யாரு சொன்னா? நான் சொல்லலையே —

மே 24, வேலூர்

தப்பித்தேன். தம்பியின் அணுக்கள் என் தோலை யாரோ அந்நியர் வீடென்று நினைத்து அடித்து நொறுக்கப் பார்த்தனவாம். மாத்திரையைக் கூட்டி அடக்கிவிட்டார்கள். தோல் பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது. இவர் வெள்ளைத் துணியை விரித்துப் பொறுக்கிக்கொண்டே இருக்கிறார். ராமபத்ரன் போனில், "மன்னிச்சுக்கோ அக்கா, என் ஆளுங்க கொஞ்சம் முரடு. சொல்லி வெக்கறேன்," என்றான்.

மாத்திரை கூடியதால் குஷியும் கூடிவிட்டது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரிக்கு நான் கொங்கணியில் பாட்டுப் பாடிக் காட்டினேன். எனக்குக் கொங்கணி தெரியாது.

ஜூன் 17, வெள்ளி

இன்று ஒரு குற்றம் செய்தேன்.

மழை விட்டிருந்தது. இவர் ஆபீசில். ஆவுடையம்மாளிடம், "மூலை வரைக்கும் வரியா?" என்றேன். "அய்யரு ஏசுவாகளே," என்றாள். "ஏசட்டும்." மாஸ்க்குக்கு மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

கால் இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. தொடையில் பலமே இல்லை. ஆனாலும் போனேன். இஞ்சிக் கிட்டங்கியின் வாசம் மாஸ்க்கைத் தாண்டி வந்தது. காரமும் மண்ணும் கலந்த வாசம். அதைக் குடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். லாரிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்தினான். என்னைப் பார்த்துத்தான் கத்தினான். எவ்வளவு சந்தோஷம். ஒரு சாக்கு மேல் உட்கார்ந்து படகு ஜெட்டியைப் பார்த்தேன். எர்ணாகுளம் மோட்டார் போட்டு வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். முதலில் நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது.

திரும்பும்போது தூறல். வீட்டு வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். சீக்கிரம் வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. வாயைத் திறந்தார். வரட்டும், வரட்டும் என்று காத்திருந்தேன்.

"நனைஞ்சுட்டே. துவட்டிக்கோ," என்றார். "நாளைக்குப் போகணும்னா சொல்லு, நானும் வரேன்."

ஆவுடையம்மாள் பாத்திரம் தேய்க்கும்போது, "ஏன் அவுக ஏசவே மாட்டேங்காக?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "எங்க வீட்டுல ஏசலைன்னா ஆளு ஒடம்பு சரியில்லைன்னு அர்த்தம்."

ஜூலை 3

முயற்சி ஒன்று. இவருடைய தங்கை வைக்கிற பாயசம் கஞ்சி மாதிரி இருக்கிறது என்றேன். "ஆமாம், கொஞ்சம் நீர்த்துத்தான் போறது," என்றார். தங்கையையே விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஜூலை 5

குடையை ஒளித்துவைத்தேன். நனைந்துகொண்டே போனார். சாயங்காலம் எனக்குத்தான் அழுகை வந்தது.

ஜூலை 11

காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. ஒரு மடக்குக் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். மிச்சத்தையும் குடித்தார். "நன்னா இருக்கு," என்றார்.

நாளையும் போடுவேன்.

ஆகஸ்ட் 9, வேலூர்

பரிசோதனை. எல்லா எண்ணிக்கையும் ஒழுங்கு. ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைக்கலாம். பழம் தோலுரித்துத் தின்னலாம். ஓணம் போன பிறகு, கூட்டமில்லாத இடமாக இருந்தால், அரை நேரம் வேலைக்கும் போகலாம்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "ரத்தம் நல்லா இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க? முன்னால செஞ்சது எதெல்லாம் இப்ப முடியலை?" என்று கேட்டார். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. மாடி ஏற முடியவில்லை, வாய் உலர்ந்து போகிறது, பேனா பிடித்தால் விரல் நடுங்குகிறது என்றெல்லாம் சொன்னேன்.

"வேற?"

"சண்டை போட முடியலை."

"யாரோட?"

இவரைக் காட்டினேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

ரயிலில் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். ஆறு சுளையில் ஒன்றுகூடத் தான் தின்னவில்லை. ஆரஞ்சு. எழுத வார்த்தை இல்லை. கன்னத்துக்குள் ஒரு விளக்கு ஏற்றின மாதிரி.

செப்டம்பர் 12, திங்கள்

இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

இன்று வர்கீஸ் சாருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். நோய் வருகிறவரை ஐந்து வருஷம் அங்கே டைப்பிங்கும் ஷார்ட்ஹாண்டும் சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வருகிறேன் என்று சொல்லி எல்லோரையும் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று இவரிடம்கூடச் சொல்லவில்லை. படியேறும்போதே மிஷின்கள் எல்லாம் ஒன்றாக அடிக்கிற சத்தம். ஓட்டில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. குதித்துக்கொண்டு போகாத குறை.

என் நாற்காலியில் ஒரு பெண். ஷைலஜாவாம், இருபத்திரண்டு வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். வர்கீஸ் சார் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். சத்தியமாக.

"டீச்சரே, கர்த்தாவே. சேட்டன் வந்நு பறஞ்ஞதல்லே, டீச்சர் இனி வரில்லா என்னு?"

இவர் வந்து, நான் இனி வரமாட்டேன் என்று சொல்லிப் போனாராம். எப்போது? போன நவம்பரில். நான் வேலூரில் கண்ணாடி அறைக்குள் கிடந்தபோது. மேஜைக்குள் இருந்த என் டம்ளரையும் சீப்பையும்கூட எடுத்துக்கொண்டு போனாராம்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஆட்டோவில்தான் வந்திருக்க வேண்டும். இவர் ஆபீசிலிருந்து வந்ததும் குளிக்கக்கூட விடவில்லை.

"நவம்பர்ல இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேளா?"

"போனேன்."

"நான் வரமாட்டேன்னு சொன்னேளா?"

"சொன்னேன்."

"யாரைக் கேட்டுண்டு?"

"சாரமில்லை சுந்தரி, உடம்பு நன்னாகட்டும், வேற ஏதாவது —"

அந்த வார்த்தைதான். தட்டை எடுத்து மேஜையில் ஓங்கி வைத்தேன். சாரம் இருக்கு, என் வேலை, என் மேஜை, என் சீப்பு, எல்லாத்துக்கும் சாரம் இருக்கு, நான் உயிரோட இருக்கச்சேயே எனக்குக் காரியம் பண்ணிட்டேள் என்று கத்தினேன். எனக்கு இவ்வளவு குரல் இருப்பதே மறந்துபோயிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

அப்போது இவர் உடைந்தார்.

"பின்னே என்னடீ சொல்லச் சொல்றே? கண்ணாடிக்கு வெளியில நின்னுண்டு பாத்தது நான். தினம் கேப்பேன், ரத்தத்துல கவுண்ட் வந்துதான்னு. வரலை, வரலை, வரலை. மாத்துத் துணி எடுக்க இங்க வந்தேன். வர்கீஸ் சார் வழியில பாத்துட்டு, டீச்சர் எப்போ வருவான்னார். வருவாள்னு சொல்ல நாக்கு எழும்பலை. வரமாட்டாள்னேன். அவரோட இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் உன் சீப்பை வாங்கிண்டு ஆத்துக்கு வந்து உக்காந்துண்டேன். அடுத்த நாள் வேலூர்ல போய் இறங்கறேன், கவுண்ட் வந்துடுத்துங்கறா. எந்த மூஞ்சிய வெச்சுண்டு உன்கிட்டச் சொல்லறது?"

"அதுக்காகத்தான் இத்தனை மாசமா சாரமில்லை, சாரமில்லையா?"

"ஆமாம். நான் உன்னைச் செத்துப்போனதா நினைச்சவன். உன்னைத் திட்டறதுக்கு எனக்கு என்னடீ பாத்யதை?" மூச்சு வாங்கினார். பிறகு குரல் ஏறியது, படி ஏறுகிற மாதிரி. "ஆனா நீ மட்டும் என்ன? மழையில ஜெட்டிக்குப் போறே. குடையை ஒளிச்சு வெக்கறே. உப்பு. ஒரு வாரம் உப்புக் காப்பி குடிச்சேன்டீ. தெரியாதுன்னா நினைச்சே?"

"தெரிஞ்சா ஏன் குடிச்சேள்?"

"நீ போட்டதாச்சே."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

கோபம் போகவில்லை. என்னைக் கேட்காமல் என்னைச் சாகவிட்ட மனிதர். ஆனால் இவர் 'டீ' போட்டுக் கத்தியபோது, இன்னொரு தடவை கத்த மாட்டாரா என்று இருந்தது. அழுதுகொண்டே இருந்தேன், சிரித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டும் இருந்தேன். இந்த மனிதரிடம் என்ன சொல்ல.

செப்டம்பர் 14

பேச்சில்லை. அற்புதமாக இருக்கிறது.

செப்டம்பர் 17, சனி

ஆவுடையம்மாளிடம் இவர், "அம்மாகிட்டச் சொல்லு, வர்கீஸ் சாரைப் போய்ப் பாத்துட்டு வந்தேன்னு," என்றார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆவுடையம்மாள் என் பக்கம் திரும்பி, "கேட்டீகளாம்மா?" என்றாள். பேசி முடித்து வேலையை மறுபடி வாங்கித் தருகிறாராம், ஷைலஜாவை வேறு இடம் பார்க்கச் சொல்கிறாராம்.

"அய்யர்கிட்டச் சொல்லு, அந்தப் பொண்ணை எழுப்பினா நான் அந்தப் படி ஏற மாட்டேன். என் வேலையை நானே தேடிக்கறேன்."

"எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. ரெண்டு பேரும் நேராப் பேசுங்க," என்று அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேராகப் பேசினோம். நேராகச் சண்டையும் போட்டோம், இந்தத் தடவை ரேடியோ சத்தத்துக்கு. சாப்பிட்ட பிறகு இவர் கூடத்திலிருந்த பாயைச் சுருட்டினார். எங்கே வைக்கிறார் என்று பார்த்தேன். பரண் மேல்.

குறட்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அக்டோபர் 19

எர்ணாகுளத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இன்டர்வியூ. தனியாகப் போட்டில் போனேன். இவர் ஜெட்டி வரை வந்து, "மாஸ்க் போட்டுக்கோ, ஓரத்துல உக்காராதே, கூட்டமா இருந்தா அடுத்த போட்டுக்கு நில்லு," என்று கத்திக்கொண்டே இருந்தார். சாந்தமாக இல்லை. கத்தினார்.

மேனேஜர் இளம் வயது. "ரெண்டு வருஷம் என்ன செஞ்சீங்க?"

"ரத்தம் மாத்திண்டேன்."

ரத்ததானம் என்று நினைத்துக்கொண்டு, நல்ல காரியம் என்றார். திருத்தினேன். கொஞ்ச நேரம் என் சுருட்டை முடியைப் பார்த்தார். டைப் அடித்துக் காட்டச் சொன்னார். முன்பு என் விரல் போகிற வேகம் ஊருக்கே தெரியும். இன்று ஒரு பாராவில் பதினோரு தப்பு. விரல் நடுக்கம் இன்னும் விடவில்லை. காகிதத்தை உருவி, தப்பையெல்லாம் வட்டம் போட்டு, நானே கிழித்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"இருங்க," என்றார். "தப்பை எல்லாம் நீங்களே வட்டம் போட்டுட்டீங்களே. எங்க ஆபீசில் அடிக்கறவங்க இருக்காங்க, தப்புப் பாக்கறதுக்கு ஆள் இல்லை."

காலை நேரம் மட்டும். வெளிநாட்டுக்கு டெலக்ஸ் செய்தி போவதற்கு முன் படித்துத் திருத்தித் தர வேண்டும். சம்பளம் குறைவு. ஜன்னல் பக்கத்து மேஜை. போட்டில் திரும்பும்போது சும்மாவே எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னார்கள். முடியவில்லை.

நவம்பர் 23

இன்றோடு ஸ்டீராய்டு நின்றது. பத்து நாளாகவே மூட்டெல்லாம் வலி, எதைப் பார்த்தாலும் எரிச்சல். முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது. குழாய்ச் சத்தம் குழாய்ச் சத்தமாகவே கேட்கிறது. மாத்திரையின் சந்தோஷம் அதோடு போய்விட்டது என்று சரியாகத் தெரிகிறது.

காலையில் ஒரு டெலக்ஸில் 'முந்நூறு மூட்டை ஜிஞ்சர்' என்பதை 'முந்நூறு மூட்டை ஃபிங்கர்' என்று அடித்திருந்தார்கள், இஞ்சிக்குப் பதில் விரல். லண்டனுக்குப் போயிருக்கும். நானும் மேனேஜரும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. இது மாத்திரை இல்லை. கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

1989 பிப்ரவரி 21, செவ்வாய்

ரொம்ப நாளாயிற்று எழுதி. நேரமில்லை.

இவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். நேற்று. ஒரே ஒரு பல். கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு முழுக்க முனகல். கஞ்சி சூடு என்கிறார், ஆற்றிக்கொடுத்தால் ஆறிப்போச்சு என்கிறார். ரேடியோ வேண்டாம், ரேடியோவை ஏன் நிறுத்தினாய். ஆவுடையம்மாள் பெருக்குகிற சத்தம் பல் போன குழிக்குள் கேட்கிறதாம். "அய்யரு பிள்ளை பெத்தவுக மாதிரில்ல கெடக்காக," என்று அவள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

காலையில் நான் கிளம்புகிற நேரம். செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டேன். கட்டிலிலிருந்து கூப்பிட்டார். என்ன என்று எரிந்து விழுந்தேன். துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பல்லு. அதுக்கே ராத்திரி முழுக்கச் சுவரைப் பிடிச்சுண்டு நின்னேன். நீ அந்த ரூமுக்குள்ள — வாயெல்லாம் புண்ணு, ஒரு சொட்டுத் தண்ணி எறங்கலை — எப்படிடீ இருந்தே?"

இத்தனை காலத்தில் இவர் அதைக் கேட்டதே இல்லை. கண்ணாடிக்கு வெளியே தான் நின்றதைச் சொன்னாரே தவிர, உள்ளே எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல ஆரம்பித்தால் மத்தியானம் ஆகும். ஜெட்டியில் போட்டு மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"பெரிய கதை. சாயங்காலம் வந்து சொல்லறேன். கஞ்சி அடுப்பு மேல இருக்கு, எடுத்துச் சாப்பிடுங்கோ."

ஆபீசில் இன்று இரண்டு கப்பல். மத்தியானத்துக்கு மேலும் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். திரும்பி வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். இவர் கட்டிலுக்குக் குறுக்கே, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கஞ்சிப் பாத்திரம் காலி. கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது.

எழுப்பவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.